பொருள்: நாற்றை வெளியே பழக்குவதற்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

கௌ. (உட்லண்ட்ஸ்) எழுதியது:

சிங்கப்பூர் மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு வணக்கம். டொராண்டோ பக்கம் வீட்டுத்தோட்டம் போடும் தமிழ்ப் பெரியவர்களுக்கான கையேடு ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. இளவேனில் பாதி போன பிறகும் திடீரென்று இறங்கும் குளிரிலிருந்து காய்கறிச் செடிகளைக் காப்பது எப்படி என்பதுதான் விஷயம். வெள்ளி மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

'உறைபனி'யில் சிக்கல் இல்லை. நான் மாட்டிக்கொண்டது 'ஹார்டனிங் ஆஃப்' என்பதில். சன்னலோரம் முளைக்க வைத்த தக்காளி, மிளகாய் நாற்றுகளை நடுவதற்கு முன் ஏழு முதல் பத்து நாள் வரை வெளியே வைத்து வைத்து எடுக்கிறார்கள். முதல் நாள் நிழலில் ஓரிரு மணி நேரம். அப்புறம் கொஞ்சம் வெயில், கொஞ்சம் காற்று, தண்ணீரும் சற்றுக் குறைவு. கடைசியில் இரவிலும் வெளியே. 'கடினப்படுத்துதல்' என்று போட்டுப் பார்த்தேன், சிமெண்டு வேலை மாதிரி இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல் என்பதால் சும்மா விட முடியவில்லை.

மெ. (அங் மோ கியோ) எழுதியது:

அன்புள்ள கௌ., தமிழிலேயே இருக்கிறது. காழ். புறத்தே காழ் உள்ளதைப் புல் என்றும் அகத்தே காழ் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிப்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காழ் என்றால் மரத்தின் வைரம், உறுதி. ஆகவே 'காழேற்றல்'. கல், கட்டி, காழ், காய் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் நெடுநாளைய எண்ணம். மண்வெட்டி பிடித்துப் பிடித்துக் கை 'காய்த்துப்போவதும்' இதே வழிதான். விரிவாக ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

பா. (புக்கிட் பாஞ்சாங்) எழுதியது:

ஐயா, தக்காளி நாற்றுக்கு அகக்காழும் கிடையாது, புறக்காழும் கிடையாது. கிள்ளினால் தண்ணீர்தான் வரும். தவிர, இன்றைக்குக் காழ்ப்பு என்றால் வன்மம். 'நாற்றுக்குக் காழேற்றுங்கள்' என்று படிக்கிற பாட்டி, பக்கத்து வீட்டுச் செடிமேல் அதற்குப் பகை மூட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

யாராவது 'உரமேற்றல்' என்று கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: தோட்டத்தில் உரம் என்றால் எரு. பாட்டி யூரியாவைக் கொட்டிவிடுவார்.

வி. (செங்காங்) எழுதியது:

'ஹார்டனிங்' என்றே விடுங்கள். அங்கே விதைப் பொட்டலத்தில் அப்படித்தான் அச்சிட்டிருக்கும், கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். நாம் ஒரு சொல்லை உருவாக்கி, அதற்குப் பக்கத்தில் விளக்கம் எழுதி, அந்த விளக்கத்துக்கு ஒரு அடிக்குறிப்பும் போடுவோம். எதற்கு?

மெ. எழுதியது:

தம்பி வி., உங்கள் புளோக்கில் எதில் ஏறி வீட்டுக்குப் போகிறீர்கள்? மின்தூக்கியில். சென்னையில் அதை லிஃப்ட் என்கிறார்கள். மின்தூக்கி, குடிநுழைவு (இமிக்ரேஷன்), வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) எல்லாம் முதல் நாளே நாவில் ஒட்டிய சொற்களா? அறிவிப்புப் பலகையிலும் செய்தியிலும் திரும்பத் திரும்ப வந்ததால் ஒட்டிக்கொண்டன.

வி. எழுதியது:

ஐயா, மின்தூக்கி என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். காழேற்றலைக் கேட்டு நாற்றுத்தட்டைத் தூக்கி வெளியே வைக்கத் தோன்றுமா?

ஹா. (தெம்பனிஸ்) எழுதியது:

கௌ. அக்கா, நோன்றல் என்றால் பொறுத்தல், தாங்குதல். உற்ற நோயைத் தாங்குவதும் பிற உயிரை வருத்தாமையும்தான் தவம் என்று வள்ளுவரும் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார். நோன்பும் அதே குடும்பம். இங்கே நாற்றுக்குத் தண்ணீரையும் குறைக்கிறோமே, 'நாற்று நோன்பு' என்றால் எவ்வளவு பொருத்தம்! வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒரு மாணவன், "நோன்புக் கஞ்சி உண்டா, டீச்சர்?" என்று கேட்டான். ஆகவே அந்தச் சொல்லை நானே வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் அழகான சொல்.

ஜே. (ஜூரோங்) எழுதியது:

குன்னூரில் வளர்ந்தவன் என்பதால் இடையில் நுழைகிறேன். எங்கள் பக்கம் உறைபனி நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான், மே மாதத்தில் கிடையாது. பூங்காவில் மலர்ச்செடிகள்மேல் கோத்தகிரி மிலார் என்னும் செடியைப் போட்டு மூடுவார்கள்.

கையேட்டில் ஒன்றைச் சரிபாருங்கள், அக்கா. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில்தான் ஆபத்து அதிகம். தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். ஆள் உயர வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே புல் வெளுத்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் ஒரே தோட்டத்தில் மேட்டுப் பாத்தி தப்பும், பள்ளத்துப் பாத்தி கருகும். போர்வை செடிக்குச் சட்டை போட்டது போல் தண்டைச் சுற்றி முடியக்கூடாது. தரைவரை தொங்கி ஓரம் மண்ணில் படிய வேண்டும், மண்ணின் சூடுதான் அதற்குள் நிற்கிறது. பிளாஸ்டிக் தாள் இலையில் படக்கூடாது, பட்ட இடம் கருகும். பழைய படுக்கை விரிப்பே மேல். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். பகலிலேயே மண்ணை நனைத்து வைப்பதும் நல்லது, காய்ந்த மண்ணைவிட ஈரமண் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும்.

சொல்லைப் பற்றி: 'குளிர்ப்பழக்கம்' எப்படி?

பா. எழுதியது:

ஜே., குளிரை அதில் சேர்க்காதீர்கள். சமூகத் தோட்டத்தில் நாங்களும் இதே வேலையைத்தான் செய்கிறோம். வீவக வீட்டுச் சன்னலில் முளைத்த கத்தரி நாற்றை நேராக வெயிலில் வைத்தால் மறுநாளே இலை வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்துவிடும். முதலில் தாழ்வாரம், அப்புறம் மரநிழல், அப்புறம்தான் பாத்தி. டொராண்டோவிலும் குளிர் மட்டுமா? காற்று, வெயில், எல்லாவற்றுக்கும்தான். நாங்கள் இதை 'பழக்குவது' என்றுதான் சொல்கிறோம். "நாற்றைப் பழக்கியாச்சா?" அவ்வளவுதான்.

மெ. எழுதியது:

பழக்குவது யானைக்கும் குதிரைக்கும். கலைச்சொல்லுக்கு ஒரு இறுக்கம் வேண்டும். காழேற்றல் வேண்டாமென்றால் 'வன்மைப்படுத்தல்' ஆகட்டும், பின்வாங்குகிறேன்.

இன்னொன்று. ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளில் பின்பனி மாசி, பங்குனி. இளவேனில் சித்திரை, வைகாசி. 'இளவேனில் உறைபனி' என்று எழுதினால் இரண்டு பொழுதுகளை ஒன்றாகக் கட்டுகிறீர்கள். 'பிந்திய உறைபனி' என்பதே சரி. கூதிரும் முன்பனியும் ஒன்றல்ல என்பதைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

கௌ. எழுதியது:

ஐயா, 'பிந்திய உறைபனி' எடுத்துக்கொண்டேன், நன்றி. 'கடைசி உறைபனி நாள்' என்பதற்கு முன் 'சராசரி' சேர்த்திருக்கிறேன், இல்லாவிட்டால் அந்தத் தேதிக்குப் பிறகு பயமே இல்லை என்று தோன்றும். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாநிலத்தில் விக்டோரியா நாளை, அதாவது மே 25க்கு முந்தைய திங்களை, ஒட்டித்தான் தக்காளி நடுவது வழக்கமாம். பட்டாணி, கோசு, 'ஸ்பினாச்' கீரைக்கு அவ்வளவு பயமில்லை, இலேசான உறைபனியைத் தாங்கும்.

இனி எண்ணிப் பார்க்கிறேன். பழக்குதல்: பா., ஹா., ஜே. (குளிரை விட்டுவிட்டார்), நான். வன்மைப்படுத்தல்: ஐயா. ஹார்டனிங்: வி. படிக்கப்போகிறவர்களில் யாழ்ப்பாணத்தார் அதிகம், அவர்கள் நாற்றைக் 'கண்டு' என்பார்கள். அதனால் முதல் இடத்தில் 'நாற்று அல்லது கண்டு' என்று எழுதிவிட்டு, அதன்பின் எல்லா இடத்திலும் 'நாற்றுப் பழக்கல்' போடுகிறேன். கோப்பு நாளை போகிறது.

வி. எழுதியது:

சரி. பழக்கல் என்றால் எனக்கே புரிகிறது.

மெ. எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. கலைச்சொல் அட்டவணையில் என் சொல்லும் மாற்றுச்சொல்லாக இடம்பெற வேண்டும். மேலும், நாற்றைப் பழக்கல் என்பது இரண்டாம் வேற்றுமைத்தொகை. அங்கே வல்லினம் மிகாது. 'நாற்று பழக்கல்' என்று திருத்துங்கள்.

ஹா. எழுதியது:

ஐயா, மன்னிக்கவும். நாற்று வன்தொடர்க் குற்றியலுகரம். பாட்டுப் பாடினாள் என்றுதானே எழுதுகிறோம்? மிகும்.

பா. எழுதியது:

கோப்பு போய்விட்டதா, கௌ.?