மறு: மெயின்டெய்னருக்குத் தமிழ்ல என்ன? ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு வகுப்புல பசங்களுக்கு எக்ஸ்இசட் (லினக்ஸ்ல ஃபைலைச் சுருக்குற லைப்ரரி) கதை சொல்றேன், ஸ்லைடு முழுக்கத் தமிழ். ஒரு மென்பொருளைத் தொடர்ந்து பாத்துக்குற ஆளைத்தான் மெயின்டெய்னர்ங்கிறாங்க, அதுக்குத்தான் சொல் தேடுறேன். 2024 மார்ச்சுல எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்குற கம்ப்யூட்டருக்குள்ள நுழையுற வழி) லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற மென்பொருள் பொறியாளர் தோண்டிப் பார்த்து, எக்ஸ்இசட்டோட 5.6.0, 5.6.1 வெர்ஷன் ரெண்டுலயும் பேக்டோர், அதாவது திருட்டு வழி, இருக்குன்னு கண்டுபிடிச்சாரே, அதுதான். என்னைப் பொறுத்தவரை அதுல முக்கியம் கோட் இல்ல, ஆளுங்க. லாஸ்ஸே கோலின் ஒருத்தரே வருஷக்கணக்கா அதைப் பாத்துக்கிட்டு வந்தார், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலைன்னு 2022லயே எழுதினார், அப்பவும் புது வெர்ஷன் ஏன் லேட்டுன்னு சிலர் நெருக்கினாங்க, ஜியா டான்ங்கிற பேர்ல வந்தவர் கூட்டுப் பொறுப்புக்கு வந்துட்டார், அந்தப் பேர்லதான் பேக்டோரும் உள்ள வந்துச்சு. போன வாரம் மெயின்டெய்னருக்கு 'பராமரிப்பாளர்'னு போட்டேன். முன்பெஞ்சு பொண்ணு ஒண்ணு, "மாசாமாசம் பராமரிப்புப் பணின்னு கரண்ட் நிறுத்துவாங்களே, அவங்களா சார்?"ன்னு கேட்டுச்சு.

———

தம்பி, பராமரி வடமொழி 'பராமர்ச'த்துல இருந்து வந்தது, அதை விடுங்க. "உயிரினும் ஓம்பப் படும்"னு வள்ளுவர் சொன்ன ஓம்பு இருக்கு, ஓம்புநர்னு வைங்க. நர்தான், னர் இல்ல, இயக்குநர் சண்டையை இங்க கிளப்பாதீங்க. பொறுப்பைக் கை மாத்துறதுக்கும் சொல் இருக்கு, கையடை. விசுவாமித்திரர் கையில தசரதன் ராமனை ஒப்படைக்கிற இடத்துக்குக் கம்பர்ல கையடைப் படலம்னே பேரு. தசரதன் எவ்வளவு தயங்கினான்னு பசங்களுக்குச் சொல்லுங்க, முகம் தெரியாத ஒருத்தர்கிட்ட லைப்ரரியைக் கொடுக்குறதும் அப்படிப்பட்ட விஷயம்தான்.

———

ஐயா, கையடை அருமை. ஆனா நான் உயிரியல் எடுக்குறவ, ஓம்புயிர்னா எங்க புத்தகத்துல ஒட்டுண்ணி தங்குற உடம்பு. ஓம்புநர்னு சொன்னா புள்ளைங்களுக்கு அதான் ஞாபகம் வரும். பேணுநர் போதாதா?

———

யாழ்ப்பாணத்தில பேணி எண்டா தேத்தண்ணி குடிக்கிற ஏனம். ஆனா பேணுநர் எண்டு எழுதினா எங்களுக்குக் குழப்பமில்லை, போடுங்கோ.

———

ஆள் பேரு மட்டும் பத்தாதுங்க. லினக்ஸோட மையப் பகுதியான கர்னல்ல மெயின்டெய்னர்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல ஒவ்வொரு பகுதிக்கும் நிலை போட்டிருக்கும், பாத்துக்க ஆளில்லாததுக்கு ஆர்ஃபன்னு. அநாதைன்னு மொழிபெயர்க்க எனக்குக் கை வரல, ஊர்ல சொல்ற மாதிரி 'கேட்பாரற்றது'ன்னு வைக்கலாமா? குழுவா நடத்துறதுக்கும் ஒரு சொல் வேணும். பைத்தான் நிரல்மொழியை உருவாக்கின கீடோ வான் ராசம் 2018ல ஒதுங்கினதும் அதை 2019ல அஞ்சு பேர் குழுகிட்ட கொடுத்தாங்க, எக்ஸ்இசட்டுக்கு அப்படி யாரும் இல்ல.

———

நன்றி. மணி பன்னெண்டரை ஆச்சு, ரெண்டு பேர் சரின்னதால பேணுநர்னே ஸ்லைடுல ஏத்திட்டேன். கையடை, கேட்பாரற்றது ரெண்டையும் அப்படியே எடுத்துக்கிட்டேன். குழுவுக்கு இன்னும் அமையல, இப்போதைக்கு 'வழிநடத்தும் குழு'.

———

நான் ஒத்துக்கல தம்பி. ஒட்டுண்ணி ஞாபகம் வந்தா வரட்டும், அந்த லைப்ரரிக்கு நடந்தது அதுதானே. கலைச்சொல் பட்டியல்ல ஓம்புநரையும் பக்கத்துல போட்டு வைங்க.