டிரெய்லர் டயர் மாற்ற வேண்டும், யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸில் இருக்கிறோம். போன வருஷம் பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்று வாங்கினோம். இரண்டு ஆக்சில், நான்கு டயர். போன வாரம் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில் வலது பின் டயர் வெடித்துவிட்டது. டிரெட் (சாலையில் படும் ரப்பர் பகுதி) பட்டையாக உரிந்து, மேலே இருந்த தகரத்தையும் கிழித்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

டிரெட் தேயவே இல்லை, அதை நம்பித்தான் ஏமாந்தேன். அப்புறம் பக்கவாட்டில் பதித்திருக்கும் டிஓடி எண்ணை (தயாரிப்பு எண்) பார்த்தால் கடைசி நான்கு இலக்கம் 2317. அதாவது 2017-இன் 23-வது வாரத்தில் தயாரித்தது! வெயிலில் நின்றே கிழடாகியிருக்கிறது.

இப்போது இருப்பது எஸ்டி205/75ஆர்15 அளவு, லோடு ரேஞ்ச் (பாரம் தாங்கும் தரம்) சி. 50 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஒரு டயர் 1,820 பவுண்டு தாங்கும். டி ரேஞ்ச் என்றால் 65 பிஎஸ்ஐ-யில் 2,150. பழைய ரிம் அந்த அழுத்தத்துக்குத் தாங்குமா, எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்று. வெடித்த டயருக்கு முன்பக்கத்தில் இருக்கும் டயர்தான், வெடித்த பிறகு, அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதையும் சுமந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் எனக்குப் பயம். நான்கையும் மாற்றிவிடவா? டிரெய்லருக்கு டிபிஎம்எஸ் (டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி) மாட்டியவர்கள் இருந்தால், வெப்பநிலையையும் சரியாகக் காட்டுகிறதா என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் மறுபடி கிளம்பணும்.