களிமண் தோட்டத்தில் வெர்பாஸ்கம்: எந்த இனம் நிலைத்து நிற்கும்?

கேள்வி: செம்பருத்தி

வணக்கம். வீடு இங்கிலாந்தில், லண்டனுக்குத் தெற்கே. தோட்டம் முழுக்கக் களிமண், வெயில் நன்றாக விழும். மல்லின் என்கிற, உயரமான பூங்கதிர் விடும் வெர்பாஸ்கம் செடி வளர்க்க ஆசை. நான்கு சந்தேகங்கள்.

போன வசந்தத்தில் பாம்பிசிஃபெரம், ஃபீனீசியம் என்ற இரண்டு வெர்பாஸ்கம் இனங்களின் விதையையும் தட்டில் தூவி, மேலே அரை அங்குலம் கம்போஸ்ட் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. கடையில் வாங்கி நட்ட வெள்ளை இலைச்செடி ஜனவரியில் நடுக்குருத்து அழுகிப் போய்விட்டது. சரளைப் பாதையில் தானாக ஒன்று முளைத்திருக்கிறது, இலை கம்பளித் துணி மாதிரி இருக்கிறது. அது என்ன இனம், வைத்துக்கொள்ளலாமா? பூத்ததும் சாகாத வகை எது? இன்னொன்று: சேலத்தில் அம்மா வீட்டில் இதை வளர்க்க முடியுமா?

பதில்: ஆணிவேர்

முளைக்காததற்குக் காரணம் அந்த அரை அங்குலம்தான். வெர்பாஸ்கம் விதை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மூடினால் தூங்கிவிடும்.

தட்டில் கம்போஸ்டை நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் வைத்து அடியிலிருந்து ஊறவிடுங்கள். விதையை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு காய்ந்த மெல்லிய மணலோடு கலந்து தூவி, பலகையால் லேசாக அழுத்துங்கள். மேலே எதுவும் போட வேண்டாம். 15 முதல் 20 டிகிரி இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும். முதலில் வரும் விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு மூன்று நிஜ இலை வந்ததும் நாற்றைத் தனித்தனியாக ஆழமான தொட்டிக்கு மாற்றுங்கள். ஆணிவேர் சுருண்டுகொண்ட நாற்றை நிலத்தில் வைத்தால் பிறகு நேராக இறங்குவதில்லை, காற்றில் சாய்ந்துவிடும். அதனால் செப்டம்பருக்குள் நிலத்துக்குப் போய்விட வேண்டும். ஈராண்டு இனங்களுக்கு மே, ஜூன் விதைப்பு சரி. ஃபீனீசியத்தை பிப்ரவரியில் உள்ளே விதைத்தால் அதே வருடம் பூக்கக்கூடும்.

அழுகிய செடியைக் குளிர் கொல்லவில்லை, ஈரம்தான் கொன்றது. உங்கள் வெள்ளை இலைச்செடி பெரும்பாலும் பாம்பிசிஃபெரமாக இருக்கும், அது துருக்கியின் உலுடாக் மலைச்சரிவுச் செடி. அங்கே தண்ணீர் நிற்காது. களிமண்ணில் குழி தோண்டி அதில் மட்டும் ஜல்லி கொட்டுவது எல்லோரும் செய்யும் தவறு. சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள் வந்து தேங்கும். மெல்லிய மணலைக் களிமண்ணில் கலப்பதும் உதவாது, இறுகிப்போகும். தரைக்கு மேலே 25 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டுங்கள். மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு பொடிஜல்லி கலந்து, செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு ஜல்லியை மட்டும் பரப்புங்கள். நவம்பரிலிருந்து நான்கு குச்சி நட்டு மேலே ஒரு கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ வையுங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும். உரம் வேண்டவே வேண்டாம். கொழுத்த மண்ணில் தண்டு ஆளுயரம் தாண்டி வளர்ந்து, ஒரு மழைக்கே படுத்துவிடும்.

பதில்: மஞ்சள்கதிர்

பாதையில் முளைத்தது பெரும்பாலும் வெர்பாஸ்கம் தாப்ஸஸ் என்ற இனம். அடுத்த வருடம் தண்டு எழும்பும்போது உறுதி செய்துகொள்ளலாம். இலையின் அடிப்பகுதி காம்பில் நிற்காமல் தண்டோடு ஒட்டிச் சிறகு மாதிரிக் கீழே இறங்கும். பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஐந்து மகரந்தத் தாள்களில் மேல் மூன்றில் வெள்ளை ரோமம் இருக்கும், கீழ் இரண்டும் ஏறக்குறைய வழுவழு. ஐந்திலுமே ஊதா ரோமம் இருந்து, அடியிலை காம்போடு இதய வடிவில் இருந்தால் அது நைக்ரம். மொட்டு ஒவ்வொன்றும் தனிக்காம்பில் நின்று, இலையில் ரோமமே இல்லாமல், பூ மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருந்தால் பிளாட்டேரியா. ஃபீனீசியமும் தனிக்காம்புதான், ஆனால் பூ ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களில் வரும்.

தாப்ஸஸை வைத்துக்கொள்ளலாம், காய் பழுக்கும் முன் கதிரை வெட்டிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. ஒரு செடி லட்சம் விதைக்கு மேல் உதிர்க்கும். விதை மண்ணில் எத்தனை காலம் காத்திருக்கும் என்பதற்கு, அமெரிக்காவின் மிச்சிகனில் தாவரவியலாளர் வில்லியம் பீல் 1879இல் புட்டிகளில் புதைத்த விதைகளே சாட்சி. 2021இல் ஒரு புட்டியைத் தோண்டி எடுத்தபோதும் வெர்பாஸ்கம் முளைத்தது. கொலராடோவிலும் ஹவாயிலும் தாப்ஸஸ் களைப்பட்டியலில் இருப்பது சும்மா இல்லை.

பூத்தும் சாகாதது வேண்டுமென்றால் ஷேக்ஸீ என்ற வெர்பாஸ்கம் இனத்தை நடுங்கள். மூன்றடி உயரம், மஞ்சள் பூ, நடுவில் ஊதா ரோமம். வெள்ளைப் பூ பூக்கும் 'ஆல்பம்' வகை இன்னும் அழகு. மேடு கட்டிவிட்டால் உங்கள் மண்ணையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். முதல் கதிர் வாடியதும் அடியிலை வரை வெட்டினால் பக்கக் கதிர்கள் வரும், செடிக்கும் ஆயுள் கூடும். ஒலிம்பிகம் என்ற இனம் மெழுகுவர்த்தித் தாங்கி போலக் கிளைவிடும், ஆனால் பூக்க மூன்றாண்டுகூட எடுத்துக்கொள்ளும், பூத்ததும் பெரும்பாலும் போய்விடும். அதற்கு மூன்றடி இடைவெளி விடுங்கள்.

'கெய்ன்ஸ்பரோ', 'ஹெலன் ஜான்சன்' போன்ற கலப்பினங்கள் விதையில் அப்படியே வராது, வேர்த்துண்டுதான் வழி. டிசம்பர், ஜனவரியில் பென்சில் தடிமனுள்ள வேரை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு வராது. தலைகீழாக நட்ட துண்டு வீண்தான். இவை இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும், அதனால் ஆண்டுதோறும் சில துண்டுகள் போட்டு வையுங்கள்.

மே கடைசியிலிருந்து இலையைப் புரட்டிப் பாருங்கள். வெளிர் உடம்பில் மஞ்சளும் கறுப்பும் புள்ளியிட்ட புழு, மல்லின் அந்துப்பூச்சியுடையது. ஒரு வாரத்தில் செடியைச் சல்லடையாக்கிவிடும். கையால் பொறுக்குங்கள், மருந்து அடிக்காதீர்கள். பூவுக்குத் தேனீ வரும். கம்பளி இலையின் ரோமத்தைச் சுரண்டிக்கொண்டு போய்க் கூடு கட்டும் தனித்தேனீ ஒன்றும் வரும்.

பதில்: ஓடைக்கரை

சேலம் பற்றி. தாப்ஸஸுக்குத் தண்டு எழும்ப ஒரு குளிர்காலம் வேண்டும். காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் அது காடாக வளர்கிறது. சமவெளியில் இலைக்கொத்தாகவே நிற்கும், மழையில் அழுகும். விதையைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோகவும் வேண்டாம், அதற்கு இந்தியாவில் முன் அனுமதி தேவை.

நம் சமவெளிக்கு ஏற்கெனவே ஒரு வெர்பாஸ்கம் உண்டு: வெர்பாஸ்கம் சைனென்ஸ். பழைய பெயர் செல்சியா கோரமண்டலியானா, நம் சோழமண்டலக் கரையின் பெயர்தான். மகரந்தத் தாள் ஐந்துக்குப் பதில் நான்கு என்பதால் முன்பு தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். ஆற்றுமணல், அறுவடை முடிந்த வயல் போன்ற இடங்களில் பனிக்காலத்தில் சிறு மஞ்சள் பூவோடு நிற்கும். அம்மாவை ஜனவரியில் ஆற்றுப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். காய் பழுப்பானதும் ஒரு கதிரைக் காகிதப் பையில் கவிழ்த்துத் தட்டி, மணல் கலந்த தொட்டியில் மூடாமல் தூவினால் போதும்.

செம்பருத்தி

மிக்க நன்றி. பாதைச் செடியின் பக்கத்திலேயே இன்னும் ஆறு குட்டிகள் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். இடம் மாற்றலாமா?

ஆணிவேர்

இலைக்கொத்து உள்ளங்கை அளவுக்குள் இருந்தால் மாற்றலாம், அதைவிடப் பெரிதென்றால் ஆணிவேர் அறுந்துவிடும். ஈரமான நாளில், ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு சேர்த்துப் பெயர்த்தெடுங்கள். ரோமம் தோலில் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.