லர்ச்சர் குட்டியை இரவு முயல் வேட்டைக்குப் பழக்குவது பற்றி

கேள்வி: வேலியோரம் (நார்ஃபோக், இங்கிலாந்து)

அனைவருக்கும் வணக்கம். நான் குடியிருக்கும் வீட்டை ஒட்டிய பண்ணையில் குளிர்காலக் கோதுமை இப்போதுதான் முளைத்திருக்கிறது. வேலிப்புதரின் அடியில் உள்ள வளைகளிலிருந்து இரவில் வெளிவரும் முயல்கள் ஓரத்துப் பயிரைத் தரைமட்டமாக மேய்ந்துவிடுவதால், கைவிளக்கும் நாயும் கொண்டு அவற்றைப் பிடித்துக்கொள்ளுமாறு பண்ணை உரிமையாளர் எழுத்திலேயே அனுமதி தந்திருக்கிறார். விப்பெட் என்னும் விரைந்தோடும் நாய்க்கும் பெட்லிங்டன் டெரியருக்கும் பிறந்த, லர்ச்சர் எனப்படும் கலப்பின வேட்டை நாயின் பத்து மாதப் பெண் குட்டி என்னிடம் இருக்கிறது. பகலில் கூப்பிட்ட குரலுக்கு வருகிறாள். எறிந்த பொருளை எடுத்து வந்து கையில் தருகிறாள். ஆனால் விளக்கொளியில் முயலைக் கண்டதும், வாரில் பிடித்திருக்கும்போதே கத்தத் தொடங்குகிறாள். இவளை எந்த வயதில் அவிழ்த்துவிடலாம்? முதல் ஓட்டத்துக்கு எப்படிப்பட்ட முயலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? முயல் தப்பிவிட்டால் இருட்டில் இவளைத் திரும்ப வரவழைப்பது எப்படி? அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: பழைய விளக்கு (யார்க்‌ஷயர்)

நண்பருக்கு வணக்கம். முதலில் அந்தக் கத்தலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். ஓட விடாமல் வாரில் பிடித்துக்கொண்டே முயலைக் காட்டிக்கொண்டிருந்தாலோ, பிடிக்க முடியாத முயல்களின் பின்னால் அடுத்தடுத்து அவிழ்த்துவிட்டாலோ, இளம் நாய் ஆற்றாமையால் குரல் கொடுக்கத் தொடங்கும். அது பழக்கமாகிவிட்டால் திருத்துவது மிகவும் கடினம். ஒரு குரைப்புக்கே வயலில் உள்ள முயல்கள் அனைத்தும் வளைக்குள் போய்விடும். ஆகவே இப்போதைக்கு இரவில் அவளை முயல்களின் அருகே கொண்டு செல்வதை நிறுத்திவிடுங்கள். எலும்புகளின் வளர்ச்சி முடிவதற்கு முன் கரடுமுரடான நிலத்தில் முழு வேகத்தில் திரும்பி ஓடுவது மூட்டுகளுக்கும் கால்விரல்களுக்கும் கேடு என்பதால், இந்தக் கலப்பில் ஓராண்டு நிறைந்த பிறகு தொடங்குவதே நல்லது. கிரேஹவுண்ட் எனும் பந்தய நாயின் இரத்தம் மிகுந்த பெரிய நாயாக இருந்தால் இன்னும் சில மாதங்கள் பொறுக்கச் சொல்லியிருப்பேன்.

இடைப்பட்ட காலத்தில் செய்ய வேண்டியது நிறையவே இருக்கிறது. முயல் இல்லாத வயலில், விளக்கை அணைத்தபடி இரவு நடை பழக்குங்கள். மெல்லிய சீழ்க்கைக்கே திரும்பி வர வேண்டும், ஏனென்றால் இருட்டில் உரக்கக் கூப்பிடுவதும் குரைப்பதும் முயலுக்கு ஒன்றுதான். பிறகு, இறந்து குளிர்ந்த முயலொன்றைப் புல்லில் வைத்து, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, எடுத்து வரச் செய்யுங்கள். ஒளி காட்டும் இடத்தில்தான் வேலை என்பதையும், எடுத்ததைக் கையில் கொடுக்க வேண்டும் என்பதையும் அவள் இந்த ஒரே பயிற்சியில் கற்றுக்கொள்வாள். உயிருள்ள முயலைப் பிடித்து வைத்து அவள் முன் விடலாம் என்று எவரேனும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மனிதர் கைக்குள் வந்த விலங்கை அப்படித் துன்புறுத்துவது 2006ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டப்படி குற்றமாகும்.

முதல் இரவுக்கு நிலவில்லாத, நல்ல காற்று வீசும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். தூறல் இருந்தால் இன்னும் நல்லது. காற்று உங்கள் முகத்தில் படுமாறு நடந்தால் உங்கள் வாசனையும் காலடி ஓசையும் முயலை எட்டா. வேலியிலிருந்து நன்றாக விலகி, தரையோடு பதுங்கியிருக்கும் முயலைத் தேடி, அதற்கும் வளைக்கும் நடுவே நீங்கள் வரும்படி சுற்றிச் சென்று, அருகில் போன பிறகே அவிழ்த்துவிடுங்கள். வேலியோரத்தில் காதை விறைத்து உட்கார்ந்திருக்கும் முயல் எவ்வளவு ஆசை காட்டினாலும் அதை விட்டுவிடுங்கள். அனுபவமுள்ள நாய்க்கே அது அரிதாகத்தான் அகப்படும். நாய் ஓடும்போது ஒளி முயலைவிட்டு விலகக் கூடாது. உங்கள் கை தடுமாறினால் அந்தத் தோல்வி நாயின் கணக்கில் போய்ச் சேரும்.

முயல் வேலிக்குள் நுழைந்த அந்தக் கணமே விளக்கை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பார்வையை நம்பி ஓடும் நாய்க்கு இருட்டில் வேலை இல்லை என்பது சீக்கிரம் புரிந்துவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால்தான் அது தானாகவே புதரைத் துருவத் தொடங்கும். அவள் பிடித்து வந்த முயலின் கழுத்தை உடனே முறித்து வலியை முடித்துவிட வேண்டும். இதை முன்கூட்டியே ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். முதல் இரவில் ஒரு முயல் கிடைத்தாலே அத்துடன் வீடு திரும்பலாம்.

இன்னொன்று: இக்காலத்து எல்இடி விளக்குகள் தேவைக்கு மேல் பிரகாசமானவை. பலரும் பலமுறை ஒளி பாய்ச்சிய நிலத்தில் முயல்கள் வெளிச்சம் பட்டதுமே ஓடும். அங்கே சிவப்பு வடிகட்டி ஓரளவு உதவும்.

பதில்: கிராமத்து வக்கீல் (லிங்கன்ஷயர்)

மேலே சொன்னவற்றுடன் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதைத் தடுக்கும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வளைமுயலுக்கு விலக்களிக்கிறது. ஆனால் நிலம் உங்களுடையதாகவோ, உரியவரின் அனுமதி பெற்றதாகவோ இருக்க வேண்டும். ஹேர் எனப்படும் நீண்ட காலுடைய பெரிய முயலை நாய் கொண்டு துரத்துவதற்கு இந்த விலக்கு இல்லை. நார்ஃபோக் வயல்களில் ஹேர் அதிகம் என்பதால், காது நுனி கறுத்து, வளையை நோக்காமல் திறந்த வெளியை நோக்கி ஓடும் எதன் பின்னாலும் நாயை அவிழ்க்காதீர்கள். ஹேரைத் துரத்தும் எண்ணத்துடன் பிறர் நிலத்தில் நாயோடு நுழைவோருக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு மாதம் வரை சிறையும் வரம்பற்ற அபராதமும் விதிக்கிறது. நாய் வைத்துக்கொள்ளவே தடை விதிக்கவும் நீதிமன்றத்தால் முடியும். இரவில் வயலில் விளக்கைக் கண்டால் அயலார் காவல்துறையை அழைப்பது இயல்பு. அனுமதிக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புறப்படும் முன் காவல்துறையின் அவசரமல்லாத அழைப்பு எண்ணான 101க்குத் தகவல் சொல்லிவிடுங்கள். ஸ்காட்லாந்துக்கு 2023ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருப்பதால், எல்லையைத் தாண்டிச் சென்றால் இவ்விதிகள் பொருந்தா.

பதில்: கரிசல்மண் (விருதுநகர்)

என்னிடம் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று இருக்கிறது. இதே முறை இதற்கும் பொருந்துமா?

பதில்: கிராமத்து வக்கீல்

பொருந்தாது ஐயா. நம் ஊர்க் காட்டுமுயல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. நிலம் உங்களுடையதாகவே இருந்தாலும் அதை வேட்டையாடுவது குற்றம். எறிந்த பொருளை எடுத்து வரவும், சீழ்க்கைக்குத் திரும்பவும் தாராளமாகப் பழக்குங்கள்.

கேள்வியாளர்: வேலியோரம்

இருவருக்கும் மிக்க நன்றி. பக்கத்து வயலில் குளிர்காலம் முழுவதும் செம்மறி ஆடுகள் மேய்கின்றன. ஒளியில் அவற்றின் கண்களும் மின்னுவதால், அவள் குழம்பிவிடுவாளோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: பழைய விளக்கு

அஞ்ச வேண்டியதுதான். ஆட்டைத் துரத்தும் நாயை, வேறு வழியில்லாத நிலையில், ஆட்டுக்காரர் சுட்டாலும் சட்டம் அவர் பக்கம் நிற்கக்கூடும். பகலில், உரிமையாளரின் அனுமதியோடு, மந்தையின் நடுவே வாரில் நடத்திச் செல்லுங்கள். ஆட்டை ஏறெடுத்துப் பார்த்தாலே கண்டிக்க வேண்டும். அவள் மந்தையைப் பொருட்படுத்தாமல் நடக்கும் நாள் வரும்வரை தொடருங்கள். பிறகு இதையே இரவில், விளக்கோடு செய்யுங்கள். முயலின் கண் மங்கிய சிவப்பாகவும், ஆட்டின் கண் பச்சை கலந்த வெண்மையாகவும், தரையிலிருந்து உயரத்திலும் தெரியும். அதைப் பிரித்தறிய வேண்டியவர் விளக்கைப் பிடித்திருக்கும் நீங்கள். ஐயம் எழுந்தால் வாரை அவிழ்க்காதீர்கள்.