புதுப்பிப்பு: ‘அன்ஃபார்ச்சுனேட்லி’க்கு இயைபு கிடைத்தது

நான் எழுதும் ஆங்கில வேடிக்கைப் பாட்டில் ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ (unfortunately, துரதிர்ஷ்டவசமாக) என்று முடியும் அடிக்கு இயைபு, அதாவது ஒலி ஒத்து முடியும் ரைம், தேடுவதாக முன்பு எழுதியிருந்தேன். ‘லி’ என்று முடியும் சொற்களையெல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தது என் பிழை. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் உயிரொலியிலிருந்து, அதாவது இங்கே ‘ஃபார்’ என்பதன் உயிரிலிருந்து, இறுதிவரை எல்லா ஒலிகளும் ஒன்றவேண்டும், அதற்கு முந்தைய மெய் மட்டும் மாறவேண்டும். மெய்யும் மாறாததால் ‘ஃபார்ச்சுனேட்லி’ தள்ளுபடி.

ஒரு சொல்லுக்கு ஈடாகப் பல சொற்களை ஒட்டவைக்கும் மொசைக் ரைமில், ‘ர்’ ஒலிக்காத பிரிட்டிஷ் உச்சரிப்பின்படி ‘காட் யூ’ (caught you) என்பது ‘ஃபார்ச்சு’வுக்கு ஏறக்குறைய ஈடுகொடுத்தது, எஞ்சிய ‘னேட்லி’தான் மசியவில்லை.

கடைசியில் அகப்பட்டது ‘இம்பார்ச்சுனேட்லி’ (importunately), அதாவது விடாமல் நச்சரித்து. பேச்சில் அரிதான சொல்தான். ஆனால் என் பாட்டின் நாயகர் கடனைத் திரும்பக் கேட்டு வருபவர் என்பதால் அப்படியே வைத்துவிட்டேன்.