காருக்குப் பின்னால 275 டயர் போடலாமா?

பெங்களூரு, பிஎம்டபிள்யூ இசட்4 இ89. முன்னால 225/40 ஆர்18, பின்னால 255/35 ஆர்18. பின் ரிம் அகலம் 8.5 இன்ச். ஜேசி ரோடு கடையில பின்னால 275/35 போடச் சொல்றாங்க, கிரிப் கூடுமாம். போடலாமா?

பதில் 1:
வேண்டாங்க. டயர் சைஸ்ல முதல் எண் அகலம் (மி.மீ), அடுத்தது பக்கச்சுவர் உயரம் அதுல எத்தனை சதவீதம்னு, ஆர்18னா 18 இன்ச் ரிம். கணக்குப் பாருங்க: அகலம் × 0.35 × 2, அதோட ரிம் 457.2 மி.மீ. 255/35க்கு விட்டம் 635.7. 275/35க்கு 649.7. முன் டயர் 637.2தான். முன்னும் பின்னும் இப்படி வித்தியாசப்பட்டா டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்குறதைத் தடுக்குற அமைப்பு) தேவையில்லாம குறுக்கிடும். தவிர, 275/35க்குக் குறைஞ்சது 9 இன்ச் ரிம் வேணும், 8.5ல ஏத்தினா பக்கச்சுவர் உள்ளே மடங்கி, வளைவுல ஆடும். பின் கிரிப் மட்டும் கூடினா வளைவுல கார் மூக்கு வெளியேதான் தள்ளும். அதே சைஸ்ல நல்ல காம்பவுண்ட் (ரப்பர் கலவை) உள்ள டயர் வாங்குங்க, பணம் அங்கே போறதுதான் நியாயம்.

பதில் 2:
நம்ம ஊர்க் குழிகளுக்கு நாலு சக்கரமும் 225/45 ஆர்17 யோசிங்க. விட்டம் 634.3, பக்கச்சுவர் 90லிருந்து 101 மி.மீ ஆகும். முன்பின் மாத்தியும் ஓட்டலாம். ரிம் வாங்குமுன் பிரேக் காலிப்பர்ல இடிக்குதான்னு மாட்டிப் பாருங்க.

பதில் 3:
ரன்ஃபிளாட் டயரை (காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடுறது) கழட்டிட்டு சாதா டயர் போட்டா பஞ்சர் கிட், காத்து பம்ப் கட்டாயம். ஸ்டெப்னி கிடையாதே!