ஏழாவது சீசனில் நின்றுவிட்டேன், மேலே பார்க்கலாமா?

கெடிலக்கரை:
'சூப்பர்நேச்சுரல்' தொடரை ஒரு காலத்தில் வெறியோடு பார்த்தவன் நான். அம்மாவைக் கொன்ற பேயைத் தேடி அண்ணனும் தம்பியும் பழைய காரில் ஊர் ஊராகப் போகிற கதை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தபோது ஏழாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குப் பல நாள் கரண்ட் இல்லை. வந்ததும் முதலில் மோட்டார் போட்டேன், அப்புறம் போனுக்குச் சார்ஜ். தொடர் பாக்கி இருக்கிறதே என்பது ஒரு மாதம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. வந்தும் தேடவில்லை. 15 சீசன், 327 எபிசோடு ஓடி 2020இல் முடிந்தும் விட்டது. மீதியையும் பார் என்று தம்பி நச்சரிக்கிறான்.

புதுவைக் காக்கை:
பாருங்கள் அண்ணா. 11ஆவது சீசனில் ஒரு எபிசோடு முழுக்க அந்த 1967 இம்பாலா காருக்குள் இருந்தபடியே நடக்கும். 13இல் இருவரும் ஸ்கூபி டூ கார்ட்டூனுக்குள் போய் விழுவார்கள். அலுத்துப்போன கூட்டம் செய்கிற வேலையா இது?

கெடிலக்கரை:
தனி எபிசோடுகளை நான் குறை சொல்லவில்லை. ஆரம்பித்த எரிக் கிரிப்கி ஐந்து சீசனுக்குத்தான் கதை வைத்திருந்தார். ஐந்தாவதின் முடிவில் தம்பி சாத்தானையும் இழுத்துக்கொண்டு குழிக்குள் விழுகிறான். அழுதுவிட்டேன். கண்ணைத் துடைப்பதற்குள் தெருவிளக்கடியில் வந்து நிற்கிறான்! செத்தவர்கள் இப்படித் திரும்பிக்கொண்டே இருந்தால் பேய்க்கதையில் எதற்குத்தான் பயப்படுவது?

முதுநகர் ஆந்தை:
அதனால்தான் நான் ஐந்தோடு நிறுத்தினேன். யாருக்குப் போட்டுக் காட்டினாலும் தெருவிளக்கு வருவதற்கு முன்பே டிவியை அணைத்துவிடுவேன். என் மனைவிக்கு இன்றுவரை அவன் குழிக்குள்தான்.

புதுவைக் காக்கை:
இது அநியாயம், ஆந்தையாரே! கெடிலக்கரை அண்ணா, நீங்கள் பாரதக் கூத்து பார்த்ததே இல்லையா? யார் சாவார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்காருகிறோம். நமக்கு முடிவா முக்கியம்? அந்த ஆட்கள்தான்.

கெடிலக்கரை:
நல்ல இடத்தில் வந்து மாட்டினீர்கள். பதினெட்டாம் போர் முடிந்தால் படுகளத்தில் மண் துரியோதனன் தொடை பிளந்து கிடப்பான். தீமிதியோடு சரி. மறுவாரம் எழுந்து வந்து, 'என்னைவிடப் பெரிய வில்லன் ஒருவன் இருக்கிறான்' என்று சொல்லமாட்டான்.

புதுவைக் காக்கை:
அடுத்த வருஷம் எழுந்து வருகிறானே! நீங்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இடம் பிடிக்கிறீர்கள்.

முதுநகர் ஆந்தை:
ஐயா, பதில் சொல்லுங்கள். காத்திருக்கிறோம்.

கெடிலக்கரை:
ஒரு வருஷம் கழித்துத்தானே வருகிறான் தங்கச்சி, வாரா வாரமா வருகிறான்? மொத்தத்தையும் பார்க்கிற எண்ணம் எனக்கு இல்லை. அந்தக் கார் எபிசோடு மட்டும் எத்தனையாவது?

புதுவைக் காக்கை:
11ஆவது சீசன், நான்காவது. ஐந்தாவதும் தானாக ஓட ஆரம்பிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.